டிங்கரின் வலது கை

எங்கள் வீட்டுக்கும் டிங்கர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். கட்டினவன் செங்கல்லில் மிச்சம் பிடித்திருக்கிறான். தையல் மிஷின் ஓடுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவர்கள் குடும்பம் என் வீட்டுக்குள்ளேயே நடக்கிற மாதிரி இருக்கும். ஒட்டுக்கேட்கிறவள் என்று யாரும் என்னைச் சொல்ல வேண்டாம். காதைப் பொத்திக்கொண்டு துணி தைக்க முடியுமா?

அன்றைக்கு ஒரு ஜன்னல் திரைக்கு மடிப்பு அடித்துக்கொண்டிருந்தேன். நூல் அறுந்தது. மிஷின் நின்றதும், டிங்கரின் வாதம் வந்த கைக்கு எக்சர்சைஸ் கொடுக்க வருகிற பிசியோ பொண்ணின் குரல் கேட்டது.

“வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் சார் வருவேன். அதுக்கப்புறம் இந்த நேரத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்துடுவாங்க. பெரிய டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார்.”

“கொடுங்கம்மா. பாவம், அவங்களாவது தேறட்டும்.”

“சார், விரல் இழுத்துக்கிட்டே வருது. இப்ப விட்டா இப்படியே இறுகிடும். அப்புறம் நான் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது.”

“கர்த்தர் பார்த்துக்குவார்.”

“கர்த்தர் பார்க்கட்டும் சார். நீங்க கையைக் கொஞ்சம் மேஜை மேல வைங்க.”

 கொஞ்ச நேரத்தில் பிசியோ பொண்ணு செருப்பை மாட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. நல்ல பொண்ணு. இந்த வெயிலில் பஸ் ஏறி வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் சும்மா திரும்பிப் போகிறது. எனக்கு வந்த கோபத்தில் ஊசியில் நூலைக் கோக்க முடியவில்லை.

டிங்கர் என்றால் அடிபட்ட காரின் தகரத்தை நிமிர்த்துகிறவர். நசுங்கின கதவுக்கு உள்பக்கம் இரும்புக் கட்டையை அண்டக் கொடுத்து, வெளியிலிருந்து சுத்தியலால் தட்டித் தட்டி எடுப்பார். நடுநடுவே கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். அந்த வொர்க்ஷாப்பில் அவர் கை பட்ட வண்டிக்குப் பெயின்ட் அடித்துவிட்டால், எந்த இடத்தில் மோதினது என்று மோதினவனுக்கே தெரியாது. “தட்டினாத்தான் நிமிரும்” என்பது அவர் வாயில் சதா இருக்கிற வார்த்தை. தகரத்துக்கு மட்டும் சொன்னதில்லை.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவளுக்கு வலது பக்கம் நின்று சொல்ல வேண்டும். இடது காது கேட்காது. வலது கையால் அறைந்தால் அடி எந்தக் காதில் விழும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குழம்பில் உப்பு, வீட்டுச் சாவி, மகளின் கல்யாணம், ஒன்றுமே இல்லாதது, எல்லாவற்றுக்கும் அந்தக் கை எழுந்தது. நான் கத்தரிக்கோலால் சுவரில் தட்டி, “போதும் நிறுத்துங்க!” என்று கத்தின நாட்கள் உண்டு. மறுநாள் அக்கா என் முகத்தைப் பார்க்காமல் போவாள்.

அப்புறம் ஒருநாள் வொர்க்ஷாப்பில் அவர் கையிலிருந்து சுத்தியல் விழுந்தது. விழுந்ததே அவருக்குத் தெரியவில்லையாம். சுத்தியல் இல்லாத கையைத் தூக்கப் பார்த்துக்கொண்டே நின்றாராம். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் நாக்கு குழறினது சரியாயிற்று. கால் இழுத்து இழுத்தாவது நடக்கிற அளவுக்கு வந்தது. கை மட்டும் கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிக்கொண்டது.

அக்கா சர்ச்சுக்குப் போகிறவள். டிங்கர் வாசலில் வண்டியில் அவளை இறக்கிவிடுவதோடு சரி. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பாஸ்டர் வந்து நின்றபோது அவரால் எழுந்து போக முடியவில்லை. பாஸ்டர் சொன்னாராம்: “பிரதர், நீங்க செய்யறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் கர்த்தர் செஞ்சு முடிச்சுட்டார். நீங்க வாங்கிக்கிட்டாப் போதும். அதுக்குப் பேர்தான் கிருபை.”

டிங்கர் அழுத அழுகையில் அடுத்த கட்டில்காரன் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டானாம். வாதம் வந்தவர்கள் காரணம் இல்லாமல் அழுவார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். ஆனால் வீட்டுக்கு வந்த மனுஷன் நிஜமாகவே வேறு ஆளாக இருந்தார். டீ கொடுத்தால் ஸ்தோத்திரம் சொன்னார். அக்காவை முதல் தடவையாக, “நீ சாப்பிட்டியா?” என்று கேட்டார். அதைக் கேட்டு நான் இந்தப் பக்கம் மிஷினை நிறுத்திவிட்டேன்.

வினை அங்கேதான் பிடித்தது. எல்லாம் செய்து முடித்தாயிற்று என்றால் எக்சர்சைஸ் எதற்கு? கையை நீட்டி மடக்கினால், கர்த்தர் செய்தது போதவில்லை என்று சொல்வதாகாதா? இதுதான் டிங்கர் பிடித்த பிடி. எவ்வளவு பெரிய தகரத்தையும் வளைத்தவரை ஒருத்தராலும் வளைக்க முடியவில்லை.

அக்கா காலையில் ஒரு கேண்டீனுக்குப் பாத்திரம் கழுவப் போவாள். மத்தியானம் வந்ததும் அவர் கையைக் கழுவுவாள். மூடின உள்ளங்கையில் வேர்வை தங்கி நாற்றம் எடுக்கும். நகம் குத்திப் புண்ணாகும். வெந்நீரில் துணியை நனைத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்து, இடுக்கில் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, மறுபடியும் விடுவாள். விட்டவுடனே விரல்கள் மூடிக்கொள்ளும். அந்தக் கையை அவள் மடியில் வைத்துக்கொண்டு துடைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எந்தக் கை அது!

புதன்கிழமை பாஸ்டரை அக்காவே போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். உள்ளங்கையில் வைக்க ஒரு துணி உருளை தைத்துத் தரச் சொல்லியிருந்தது பிசியோ பொண்ணு. அதைக் கொடுக்கிற சாக்கில் நானும் போய் உட்கார்ந்துகொண்டேன். மின்விசிறி சுற்றியது; காற்றுதான் வரவில்லை.

பாஸ்டர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ஆரம்பித்தார். “பிரதர், கிருபைன்னா கையைக் கட்டிக்கிட்டு உட்கார்றது இல்ல.”

“நான் எங்கய்யா கட்டினேன்? அது தானா கட்டிக்கிச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா ஒரு பார்வை பார்த்தாள். அடக்கிக்கொண்டேன்.

“கேளுங்க. பைபிள்ல சூம்பின கைக்காரன் ஒருத்தன் வருவான். ஆண்டவர் அவனைப் பார்த்துக் கையை நீட்டுன்னு சொன்னார். அவனால நீட்டவே முடியாது, அதானே அவன் வியாதி? ஆனா நீட்டினான். நீட்டும்போதே சரியாயிடுச்சு. பார்த்தீங்களா, சொன்னதைச் செய்யறதும் விசுவாசம்தான்.”

“அவனுக்குச் சொன்னது ஆண்டவர். எனக்குச் சொல்றது பிசியோ பொண்ணு.”

“அவர் யார் வாயால வேணும்னாலும் சொல்லுவார், பிரதர்.”

“அப்ப ஆஸ்பத்திரியில உங்க வாயால சொன்னாரே, அது?” டிங்கர் குரல் உயரவில்லை. “நீ செய்ய ஒண்ணுமே இல்லன்னீங்களா இல்லையா?”

“சொன்னேன். அது ரட்சிப்பைப் பத்தி...”

“ஒண்ணுமே இல்லன்னா ஒண்ணுமே இல்லதானேய்யா? கைக்கு மட்டும் தனிக் கணக்கா? என் வாழ்நாள் பூரா நானே செஞ்சேன், நானே தட்டினேன், நானே நிமிர்த்தினேன். நீங்கதான் வந்து, போதும், விடுன்னு சொன்னீங்க. விட்டுட்டேன். இப்ப வந்து மறுபடியும் பிடின்னா எப்படி?”

பாஸ்டர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். படித்த மனுஷன், நல்லவரும்கூட. ஆனால் தான் கொடுத்ததையே ஒருத்தன் திருப்பிக் காட்டும்போது என்ன சொல்வார்? “ஜெபம் பண்ணுவோம்” என்றார். ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தபோது டிங்கரின் கை அப்படியேதான் மூடியிருந்தது.

பாஸ்டரை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த அக்கா கதவைச் சாத்தினாள். நான் எழுந்தேன்.

“நீ இரு” என்றாள். “சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்.”

அக்கா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

டிங்கர் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் கேட்டாள்: “பாஸ்டர் ஐயாகிட்ட சொன்னதெல்லாம் சரி. எங்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. ஏன் கையைக் கொடுக்க மாட்டேங்கறீங்க?”

“அதான் சொன்னேனே.”

“அது வாய் சொன்னது. உங்களை எனக்குத் தெரியாதா? காய்ச்சல்ல கிடந்தப்போகூட எழுந்து வேலைக்குப் போன ஆளு. இப்போ எக்சர்சைஸுக்குன்னு ஒரு துண்டை மேஜை மேல தள்ளச் சொன்னா, மாட்டேன்னு உட்கார்ந்திருக்கீங்க. சொல்லுங்க.”

“என்னைத் தொந்தரவு பண்ணாத.”

“பண்ணுவேன்.”

“ஏய்...” என்றார். சொல்லிவிட்டு அவரே பயந்தவர் மாதிரி வாயை மூடிக்கொண்டார். அந்த ‘ஏய்’ எனக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் அதற்கடுத்து என்ன வரும் என்பதும் தெரியும். 

டிங்கர் தலையைக் குனிந்து தன் மடியில் கிடந்த கையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “இது செத்துக் கிடக்கிறதுதான் எனக்குக் கிடைச்ச கிருபை.”

“என்னது?”

இடது பக்கமாகச் சொல்லிவிட்டார் போல. அக்கா தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தாள். அதைப் பார்த்ததும் மனுஷன் உடைந்துவிட்டார்.

“இந்தக் கை செத்ததாலதான் நான் நல்லவனா இருக்கேன். உனக்குப் புரியலையா? ஆஸ்பத்திரியில அழுதப்போ நான் என்ன நினைச்சேன் தெரியுமா? அப்பாடா, இனிமே இவளை அடிக்க முடியாதுன்னு நினைச்சேன். அவரே எடுத்துட்டார்னு நினைச்சேன். இது திரும்ப வந்தா நானும் திரும்ப வந்துடுவேன். இந்தக் கையா உனக்கு வேணும்? உன் காதைக் கேளு!”

 எனக்கு அழுகை வந்தது. சரிதானே, கிடக்கட்டுமே அந்தக் கை என்று நினைத்தேன். அக்காவுக்கு இனியாவது நிம்மதி. அப்படியே எழுந்து அவளைக் கட்டிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது.

அக்கா அழவில்லை. அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது.

“ஓஹோ! அப்போ இத்தனை வருஷம் அடிச்சது கைதானா? நீங்க பக்கத்துல சும்மா நின்னு வேடிக்கை பார்த்தீங்களா?”

“நான் அப்படிச் சொல்லல...”

“அப்படித்தான் சொல்றீங்க. கையைக் கொன்னுட்டு நல்லவரா இருக்கப் பார்க்கறீங்க. அடிக்க முடியாத கை அடிக்கலன்னா அதுக்கு நான் யாருக்கு நன்றி சொல்றது? ரத்தக்குழாய் அடைப்புக்கா?”

டிங்கர் இடது கையால் அந்தக் கையை மூடிக்கொண்டார்.

“எனக்கு அடிக்க முடியற கை வேணும்” என்றாள் அக்கா. “அடிக்கிற பலம் இருக்கணும். கோபமும் வரணும். அப்பவும் அது அடிக்கக் கூடாது. அதை நான் பார்க்கணும். அப்பதான் நீங்க மாறினீங்கன்னு நம்புவேன். இப்ப இருக்கிறது மாற்றம் இல்ல, முடக்கம்.”

“பயமா இருக்குடி.” இவ்வளவு பெரிய உருவத்துக்குள்ளிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்தது. “என்னை எனக்கே நம்ப முடியல.”

“நானும்தான் நம்பல. அதுக்குத்தானே கிருபை வேணும்ங்கறாங்க? செத்த கைக்கு எதுக்குக் கிருபை? அது பாட்டுக்குக் கிடக்கும்.”

“திரும்ப அடிச்சுட்டேன்னா?”

“பையைத் தூக்கிக்கிட்டு மக வீட்டுக்குப் போயிடுவேன். திரும்ப வர மாட்டேன்.” அக்கா யோசிக்கவே இல்லை; முன்னமே முடிவு செய்து வைத்திருந்திருக்கிறாள். “நடந்ததை மன்னிச்சுட்டேன். அதை நீங்க சம்பாதிக்க வேண்டாம், கொடுத்தாச்சு. ஆனா இனிமே அடி வாங்க மாட்டேன். ரெண்டும் வேற வேற. புரிஞ்சா கையை மேஜை மேல வைங்க. புரியலன்னா வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணை வர வேண்டாம்னு சொல்லிடறேன்.”

 நான் கும்பிடாத சாமி இல்லை. அவள் சாமியையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டேன். கடைசியில் அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி மேஜைமேல் வைத்தார். பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி வைத்தார். அக்கா நான் கொண்டுவந்திருந்த துணி உருளையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கட்டைவிரலிலிருந்து பிரிக்க ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது சுலபமாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். பிசியோ பொண்ணு வெள்ளிக்கிழமை வந்து பார்த்துவிட்டு, பெரிய டாக்டரிடம் கெஞ்சி நேரத்தைத் தக்கவைத்தது. உள்ளங்கையை விரித்து வைத்து உடம்பின் எடையை அதன்மேல் சாய்க்க வேண்டும். துண்டைத் தள்ள வேண்டும். டம்ளரைப் பிடிக்க வேண்டும். பிடிப்பதைவிட விடுவது கஷ்டம். மனுஷன் வலியில் மாடு மாதிரி கத்துவார். “கர்த்தரே” என்பார், அடுத்த மூச்சில் பிசியோ பொண்ணைத் திட்டுவார். அக்கா, “ரெண்டையும் ஒரே வாயால சொல்லாதீங்க” என்பாள். மழைக்காலம் வந்து போயிற்று. ஒருநாள் என் மிஷினுக்கு எண்ணெய் போட வந்து, வலது கையாலேயே குப்பியைப் பிடித்தார். பாதி எண்ணெய் துணியில். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பாஸ்டர் பார்க்க வந்து, “அற்புதம்” என்றார். டிங்கர், “அற்புதம்தான்யா, உசுரு போகுது” என்றார்.

கை வந்தது. கூடவே கோபமும் வந்தது. முதலில் சின்னச் சின்னதாக. டம்ளர் சறுக்கினால் பல்லைக் கடிப்பார். கோபத்தில் அந்தக் கை தானாகவே மடங்கி நெஞ்சு வரை எழும்பும். வாதம் வந்த கை அப்படித்தான், கொட்டாவி விட்டால்கூட எழும்பும் என்று பிசியோ பொண்ணு சொல்லியிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அக்கா கண்ணால் அளப்பாள். நானும் அளந்தேன்.

அந்தச் சாயங்காலம் அக்காவின் ரவிக்கைக்கு அளவு எடுக்கப் போயிருந்தேன். டேப் அவள் தோளில் இருந்தது. டிங்கர் வெளியிலிருந்து வந்தார். வந்த வேகத்திலேயே தெரிந்தது.

“வொர்க்ஷாப் முதலாளிகிட்ட நான் வேலைக்கு வர மாட்டேன்னு நீ சொன்னியா?”

அக்கா, “சுத்தியல் வேலைக்கு வர மாட்டார்னு சொன்னேன்” என்றாள். “பிசியோ பொண்ணு சொல்லிச்சு, அந்த அதிர்வைக் கை தாங்காதுன்னு. உட்கார்ந்து பார்க்கற வேலை இருந்தாக் கொடுங்கன்னு கேட்டேன்.”

“யாரைக் கேட்டுப் போன? என் இடத்துல நேத்து வந்தவன் நிக்கிறான்! எல்லார் முன்னாடியும் முதலாளி சொல்றார், ‘உன் பொண்டாட்டி சொல்லிட்டா’ன்னு. எனக்கு அங்க இருந்த ஒரே மரியாதையை நீ போய்...”

“உங்ககிட்ட கேட்டா விட்டிருப்பீங்களா?”

“ஏய்!”

கை எழுந்தது. நெஞ்சோடு நிற்கவில்லை. தோளுக்கு மேலே, தலைக்கு மேலே போயிற்று. அக்கா சட்டென்று தலையைச் சாய்த்து இடது காதைத் தோளில் புதைத்தாள். பழகின உடம்பு, அது யோசிக்காது. அப்புறம் அவளே தலையை நிமிர்த்தி, நேராக நின்றாள். தோளிலிருந்த டேப் கீழே விழுந்தது. 

கை மேலேயே நின்றது.  அவர் அதை அண்ணாந்து பார்த்தார். இடது கையால் பிடித்து இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை. நெற்றி நரம்பு புடைக்க, வேர்வை காதோரம் வழிய, கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கீழே கொண்டுவந்தார். நடுவில் ஒருமுறை அது மறுபடியும் மேலே போகப் பார்த்தது. நான் போய்ப் பிடிக்கக் காலெடுத்து வைத்தேன். அக்கா என் பக்கம் திரும்பாமலே, “விடு” என்றாள். கை மேஜைக்கு வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. உள்ளங்கை மரத்தில் பட்டது.

நான் முந்திக்கொண்டு சொன்னேன்: “அக்கா, அது வியாதிக்கா! கோபம் வந்தா கை தானா எழும்பும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே, அதுதான்... அண்ணே, அதானே?”

தப்பித்துக்கொள்ள அவருக்கு நான் ஒரு கதவைத் திறந்துவிட்டேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

“இல்லம்மா” என்றார். மூச்சு வாங்கியது. “தானா எழும்பல. ஓங்கினது நான்தான். அடிக்கத்தான் ஓங்கினேன்.”

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“இறக்கினது?” என்று கேட்டாள்.

அவர் மேஜைமேல் விரிந்து கிடந்த கையைப் பார்த்தார். பதில் தெரியாத மாணவன் மாதிரி யோசித்தார்.

“நான்தான் இறக்கினேன். உசுரைக் கொடுத்து இறக்கினேன். ஆனா...” தலையை ஆட்டினார். “நான் மட்டும்தான்னு என்னால சொல்ல முடியல. என்னை அடக்க எங்கிட்ட அவ்வளவு பலம் கிடையாது. உனக்குத்தான் தெரியுமே, எங்கிட்ட எப்பவுமே அவ்வளவு இருந்ததில்ல.”

அப்போதுதான் அக்கா அழுதாள். இத்தனை வருஷத்தில் அந்தச் சுவர் வழியாக எவ்வளவோ கேட்டிருக்கிறேன். அவள் வாய்விட்டு அழுது கேட்டதில்லை. நின்ற இடத்திலேயே சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவரும் அழுதார். நான் டேப்பை எடுத்துச் சுருட்டுகிறேன் பேர்வழி என்று சுருட்டி, பிரித்து, மறுபடியும் சுருட்டினேன்.

பிறகு அக்கா மூக்கைச் சிந்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“யார் இறக்கினா என்ன, வலிச்சது உங்க கைக்குத்தானே” என்றாள். “இப்படிக் கொடுங்க.”

அவர் கொடுத்தார்.